கோடு போடுவது ஊர், சரிபார்ப்பது மாநிலம்

அமெரிக்காவில் ஒரு நகராட்சி பக்கத்து நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் அதன் மக்கள்தொகையும் வரி வருமானமும் வாக்காளர் பட்டியலும் மாறும். ஆனால் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு இது தானாகத் தெரியவராது. எல்லையை வகுக்கும் அதிகாரமும் அத்துறைக்கு இல்லை. உள்ளதைப் பதிவு செய்வதே அதன் வேலை. அதனால் 1972 முதல் அது உள்ளாட்சிகளையே கேட்டு வருகிறது: ஜனவரி 1 அன்று உங்கள் எல்லை எது? வந்த பதில்களை, ஒவ்வொரு மாநிலத்திலும் ஆளுநர் (அங்கே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்) நியமித்த சான்றளிக்கும் அதிகாரியிடம் காட்டிச் சரிபார்க்கிறது.

ஊருக்குத் தன் எல்லை தெரியாதா, மேலே இன்னொருவர் எதற்கு என்று கேட்கலாம். தெரியும், ஆனால் அந்த எல்லையில் ஊருக்கு ஆதாயமும் இருக்கிறது. இல்லினாய் மாநிலம் தன் வருமான வரியில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குத் தலைக்கணக்குப்படி பிரித்துத் தருகிறது. அங்கே ஒரு குடியிருப்பு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பது பணக் கணக்கு. ஒரே வயலை இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடும்போது, இரண்டின் கோப்பும் தன்னளவில் ஒழுங்காகவே இருக்கக்கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாநிலத்தால் முடியும். உரிமையும் அதற்குத்தான்: நகராட்சிகள் மாநிலத்தின் படைப்பு, அவற்றின் எல்லையை மாநிலம் விரும்பியபடி மாற்றலாம் என்று 1907-இல் பிட்ஸ்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழங்குடி அரசுகளின் எல்லையில் மாநில அதிகாரிக்கு வேலையில்லாததும் இதனால்தான். அவற்றின் அதிகாரம் மாநிலம் கொடுத்ததல்ல.

எல்லா மாநிலத்திலும் இந்தச் சரிபார்ப்புக்கு ஒரே பலம் இல்லை. எல்லை மாற்றங்களை மாநில அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்லி, அதற்கான முழுப் பதிவேடும் இருந்தால்தான் செல்லாத பதிவை நீக்கும்படி அதிகாரி கேட்க முடியும். மற்ற இடங்களில் அவர் பார்க்கலாம், கை வைக்க முடியாது. என் பார்வையில் இதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. அதை அடைக்க வேண்டியவை மாநிலச் சட்டமன்றங்கள்.

மாநிலமே தவறு செய்தால் என்ன ஆகும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. 1957-இல் அலபாமா சட்டமன்றம், சதுரமாக இருந்த டஸ்கிகி நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விநோத உருவமாக வெட்டியது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர அனைவரும் ஊருக்கு வெளியே போனார்கள். வெள்ளையர் ஒருவர்கூடப் போகவில்லை. அன்றைக்கு இப்படியொரு சான்றளிக்கும் அதிகாரி இருந்திருந்தாலும், எல்லை சட்டப்படியே இருக்கிறது என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பார். கோடு முறைப்படி போடப்பட்டதா என்பதே அவரிடம் கேட்கப்படும் கேள்வி. நியாயமாகப் போடப்பட்டதா என்பதல்ல. அந்த இரண்டாவது கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் டஸ்கிகி பேராசிரியர் சார்லஸ் கோமிலியன். வாக்குரிமையைப் பறிக்க வரையும் எல்லை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. பழைய சதுரம் திரும்பி வந்தது 1961-இல்.