கரையில் ஒளிந்திருக்கும் நேரம்

தீபாவளி நெருங்கும்போது சிராங்கூன் சாலையில் உள்ள துணிக்கடைகளில் சேலைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். பச்சை உடல், சிவப்புக் கரை என ஒரே மாதிரி இரண்டு சேலைகள் உங்கள் கண்ணில் படலாம். ஒன்றின் விலை 30 வெள்ளி. மற்றொன்று 300 வெள்ளிக்கும் மேல். விலை கூடிய சேலையில் பூவேலையும் இல்லை, மின்னும் கற்களும் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு?

தூய பட்டு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் கரையில் இருக்கிறது. துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு; குறுக்கே ஓடும் நூல் ஊடை. சாதாரண நெசவில் ஒரே ஊடை நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை செல்லும். அதனால் உடலின் பச்சை நிறம் சிவப்புக் கரையிலும் கலந்து, கரை சற்று மங்கிவிடும். காஞ்சிபுரத்தின் 'கோர்வை' நெசவில் அப்படி நேராது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் தறியில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளுவார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொரு வரிசையிலும் அவற்றைக் கோத்துக்கொண்டே போகவேண்டும். பார்ப்பவருக்குத் தெரிவது இரண்டே நிறங்கள். அந்த எளிமைக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது.

இந்த எளிமையை இன்றைய வடிவமைப்பாளர்கள் சிலரும் விரும்புகிறார்கள். சஞ்சய் கார்க் 2008இல் தொடங்கிய 'ரா மேங்கோ' நிறுவனம், ஆரவாரமில்லாத கைத்தறிச் சேலைகளால்தான் பெயர்பெற்றது. நிதானமாகச் செய்து, நெடுநாள் உடுத்தும் இவ்வழக்கத்தை 'ஸ்லோ ஃபேஷன்' என்கிறார்கள். பெயர்தான் புதிது, பாட்டியின் சேலையைப் பேத்தி உடுத்துவது நம் வீடுகளில் பழைய வழக்கம்.

வேகமாகவும் மலிவாகவும் ஆடை தயாரிப்பதற்கு வேறொரு விலை உண்டு. பங்களாதேஷில் 24 ஏப்ரல் 2013 அன்று, தையல் ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்திய நாளே சுவரில் விரிசல் தெரிந்தும், அவர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டிருந்தார்கள்.

அதற்காகக் கைத்தறி என்றாலே எல்லாம் நியாயம் என்று எண்ணிவிட முடியாது. நாம் கொடுக்கும் 300 வெள்ளியில் நெசவாளரின் கைக்குப் போவது எவ்வளவு? கூலி போதாமல் தறியை விட்டு வேறு வேலைக்குப் போன குடும்பங்கள் காஞ்சிபுரத்தில் பல.

எல்லாராலும் பட்டுச் சேலை வாங்கவும் முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. தேக்கா நிலையத்தின் மாடியில் தையற்கடைகள் வரிசையாக உள்ளன. சென்ற ஆண்டு தைத்த ரவிக்கை இறுக்கமாகிவிட்டால், உள்தையலைப் பிரித்துத் தளர்த்தித் தருவார்கள். தைக்கும்போதே உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொன்னால் போதும்.