கரையோர மணலும் கட்டுண்ட ஆற்றலும்

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் கிடப்பது வெறும் மணல் அன்று. அதில் மோனசைட் என்னும் கனிமம் கலந்திருக்கிறது. மோனசைட்டினுள் தோரியம் இருக்கிறது.

தோரியம் தானே எரிபொருள் ஆகிவிடாது. அணு உலைக்குள் வைத்தால் அது ஒரு நியூட்ரானை விழுங்குகிறது. சில நிமிடங்களில் புரோட்டாக்டினியமாக மாறுகிறது. அதில் பாதி, 27 நாட்களில் யுரேனியம் 233 ஆகிவிடுகிறது. மந்திரமுமில்லை, மாயமுமில்லை. மனித அறிவின் வேலை இது!

யுரேனியம் 233-இன் மீது நியூட்ரான் பட்டால் அணுக்கரு பிளக்கிறது, வெப்பம் வெளிப்படுகிறது, இரண்டு மூன்று நியூட்ரான்கள் புதிதாகப் பாய்கின்றன. ஒன்று அடுத்த அணுவைப் பிளக்க உதவும். மிஞ்சியது, தோரியத்தை மீண்டும் எரிபொருளாக்கும். எரிக்க எரிக்க எரிபொருள் விளையுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் ஷிப்பிங்போர்ட் உலை 1977 முதல் 1982 வரை ஓடி, விளையும் என்றே காட்டிற்று.

இதே பொருளை ஆதிக்கவெறி எதற்குப் பயன்படுத்தியது? 1955 ஏப்ரலில் நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த குண்டொன்றில் புளுட்டோனியத்தோடு இதையும் சேர்த்தார்கள். நம் கல்பாக்கத்திலோ, 1996-இல் இயங்கத் தொடங்கிய 'காமினி' என்ற சிற்றுலை இதையே எரிபொருளாகக் கொண்டது. அதன் திறன் 30 கிலோவாட்தான். மின்சாரம் தருவதற்கல்ல அது; உலோகக் கூட்டைத் திறக்காமலே உள்ளிருக்கும் குறையை நியூட்ரானால் படம் பிடித்துக் காட்டுவதற்கு. பொருள் ஒன்று, பிடிக்கும் கைதான் வேறு!

தோழர்களே! இதில் ஆபத்தும் உண்டு. யுரேனியம் 233-உடன் யுரேனியம் 232 சிறிதளவு ஒட்டிக்கொண்டே பிறக்கிறது. அதன் வழித்தோன்றல்கள் கடுமையான காமாக் கதிரை வீசுகின்றன. ஆகவே தடித்த சுவருக்கு அப்பால் நின்று, கருவிகளைக் கொண்டுதான் இதைக் கையாள வேண்டும்.

உலைக்கூடத்திலே சுவர் வேண்டுமென்றால், மணலைச் சலித்துப் பிரிக்கும் தொழிலாளிக்கு ஒன்றும் வேண்டாமா? மோனசைட்டுக்கும் கதிர்வீச்சு உண்டு. அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் கேடுதான். முகமூடி, கதிர்வீச்சை அளக்கும் கருவி, ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை, அதன் முடிவைத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்தல் - இவை யாரோ போடும் பிச்சை அல்ல, உரிமை!

மணலில் உறங்கும் ஆற்றல் நாட்டின் சொத்து. அதை எழுப்பும் உழைப்பாளியின் உடல்நலம் அதைவிடப் பெரிய சொத்து. இரண்டையும் காப்பது ஆள்வோர் கடமை. காக்கச் செய்வது நம் கடமை!