தோலும் திறவுகோலும்: செல்கி கதைகளில் காதலும் கவர்வும்

முன்னுரை

ஸ்காட்லாந்தின் வடக்கே அமைந்த ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களில் கடல்நாயைக் குறிக்க வழங்கும் நாட்டுவழக்குச் சொல் 'செல்கி' என்பதாகும். நாட்டார் நம்பிக்கையில் இச்சொல் விலங்கை மட்டும் சுட்டுவதன்று. கடலில் கடல்நாயாக வாழ்ந்து, கரையேறியதும் தோலைக் களைந்து மனித உருக்கொள்ளும் உயிரையும் அதே சொல் சுட்டுகிறது. இரண்டு நிலைகளுக்கும் ஒரே பெயர் வழங்குவதை ஆய்வாளர் மனத்திற்கொள்ள வேண்டும். 'கடற்கன்னி' என்று மொழிபெயர்த்தால் இப்பெயரொருமை சிதைந்துவிடும்; ஆகவே இக்கட்டுரை செல்கி என்ற சொல்லையே ஆள்கிறது.

அண்மைக்கால ஆங்கிலப் பதிப்புலகில் செல்கி கதைகள் 'இருண்மைக் காதல்' எனத்தக்க புனைகதை வகைக்குள் புகுந்துள்ளன. கடலிலிருந்து வரும் அழகிய அயலான், அவன்பால் ஈர்க்கப்படும் பெண், பிரிவு நிச்சயம் என்ற அறிவு ஆகியவை அவ்வகைக்கு உகந்த பொருள்களே. ஆயினும் வாய்மொழி மரபில் மிகுதியும் பதிவானது பெண் செல்கியின் கதை. அதில் நிகழ்வது காதலா என்ற வினாவை எழுப்பாமல் அவ்வகைப்பெயரை ஏற்க இயலாது. இக்கதைகள் 'காதல்' என்னும் சொல்லை எவ்விடத்து ஏற்கின்றன, எவ்விடத்து மறுக்கின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

பதிவுகள்

சாமுவேல் ஹிப்பர்ட் 1822இல் வெளியிட்ட ஷெட்லாந்து பற்றிய நூலில் அன்ஸ்ட் தீவைச் சார்ந்த கடல்நாய் மனைவியின் கதை இடம்பெற்றது. தாமஸ் கைட்லி 1828இல் வெளியிட்ட தேவதைத் தொன்ம நூல் வழியாக அது பரவலாயிற்று. ஆர்க்னியைப் பொறுத்தவரை முதன்மையான பதிவாளர் சாண்டே தீவினரான வால்டர் டிரைல் டென்னிசன் (1825–1894) ஆவார். தம் மண்ணின் கதைகளை அம்மண்ணின் பேச்சுவழக்கு கலந்தே எழுதியது அவர்தம் சிறப்பு. அவர் 1894இல் வெளியிட்ட 'ஓடிவேர் சீமாட்டி' என்னும் நெடும் பாடலில் மரபு எவ்வளவு, அவர் கைவண்ணம் எவ்வளவு என்ற ஐயம் ஆய்வாளரிடையே உண்டு. உரைநடைக் கதைகளையும் அந்த எச்சரிக்கையுடனேயே அணுகுதல் வேண்டும்.

நார்வே அறிஞர் ரெய்டார் கிறிஸ்டியன்சன் 1958இல் வெளியிட்ட இடம்பெயர் பழமரபுக்கதை அடைவில் கடல்நாய்ப் பெண் கதை 4080ஆம் எண் பெறுகிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பரோயே தீவுகள், ஐஸ்லாந்து எனக் கடல்நாய் வாழும் வட அட்லாண்டிக் கரையெங்கும் இது விரவியுள்ளது.

வாஸ்ட்னஸ் குடியானவன்

டென்னிசன் தரும் வாஸ்ட்னஸ் குடியானவன் கதை இவ்வகையின் முழுமையான வடிவம். வசதியும் தோற்றமும் உடைய அவன் மணத்தில் நாட்டமின்றி வாழ்ந்தவன். ஒருநாள் பாறைமேல் செல்கிக் கூட்டத்தார் தோல் களைந்து வெயில் காய்வதைக் காண்கிறான். பாய்ந்தோடி ஒரு தோலைப் பற்றிக்கொள்கிறான். மற்றையோர் கடலில் பாய்ந்து மறைய, தோலிழந்த பெண் அழுது இரந்தபடி அவனைப் பின்தொடர்கிறாள். அவன் இரங்கவில்லை. அவள் அவன் மனைவியாகி ஏழு மக்களை ஈன்றாள்.

கதையின் உயிர்நிலை இதன்பின் வருகிறது. கணவனும் பிள்ளைகள் சிலரும் மீன்பிடிக்கச் சென்ற நாளில், காலில் புண்பட்ட இளைய மகள் வீட்டில் தங்குகிறாள். தாய் வீடெங்கும் எதையோ தேடுகிறாள். என்ன தேடுகிறாய் என்று மகள் வினவ, உன் புண்பட்ட காலுக்கு மிதியடி தைக்க நல்ல தோல் தேடுகிறேன் என்கிறாள் தாய். அது இருக்குமிடம் தனக்குத் தெரியும் என்கிறது குழந்தை. தாய் வெளியே சென்றிருந்த ஒரு நாள், மகள் உறங்குவதாக எண்ணித் தந்தை கூரையிறப்பிலிருந்து அதை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் கட்டிலுக்கு மேலே செருகி வைத்ததை அவள் கண்டிருக்கிறாள்.

இப்பகுதியில் மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, தோல் ஒளிக்கப்பட்ட இடம் மணக்கட்டிலின் நேர்மேலே உள்ளது. அவள் பல்லாண்டு தன் விடுதலையின் கீழேயே துயின்றிருக்கிறாள். இரண்டாவது, கணவன் தோலை எரித்துவிடவில்லை. எரித்திருந்தால் அச்சம் என்றைக்கும் நீங்கியிருக்கும். எரிக்காதது ஏன் என்று கதை கூறவில்லை. அவன் அதை எடுத்துப் பார்த்தான் என்று மட்டும் கூறுகிறது. குற்றவுணர்வு, அழகுணர்வு, உடைமைப்பெருமை ஆகிய மூன்றுக்கும் அப்பார்வையில் இடமுண்டு. என் கருத்தில், செல்கி மரபு முழுவதிலும் கணவனின் உள்ளத்தை இவ்வளவு நெருங்கிக் காட்டும் இடம் வேறொன்றில்லை. மூன்றாவது, தாய் சொன்னது பொய்யன்று எனலாம். கடல்நாய்த் தோலில் மிதியடி தைப்பது அத்தீவுகளில் முன்பு வழக்கமாக இருந்தது. ஒருத்தியின் உடலாக இருக்கும் பொருள் மற்றொருவர்க்கு மிதியடிக்கான மூலப்பொருள் என்ற கொடிய உண்மை, குழந்தையோடு பேசும் ஒரு வீட்டுச் சொல்லில் அடங்கிவிடுகிறது.

தோலை அணிந்து கடலில் இறங்கியவள், படகில் திரும்பும் கணவனிடம் விடைபெறுகிறாள். உன்னிடம் எனக்கு வெறுப்பில்லை. ஆயினும் என் கடற்கணவனையே மிகுதியும் நேசித்தேன் என்பது அவள் கூற்றின் சாரம். ஆகவே, அவள் மணமாகாக் கன்னியாக அல்ல, பிறன் மனைவியாகவே கவரப்பட்டாள். கதையில் காதல் இருக்கிறது. அது கடலில் இருக்கிறது.

களவு என்னும் சொல்

தமிழாய்வாளர்க்கு இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு நேரும். நம் இலக்கண மரபில் களவு என்பது உள்ளம் ஒத்த இருவரின் மறைந்த ஒழுக்கம். அது திருட்டன்று என்பதை விளக்க உரையாசிரியர்கள் மிக முயன்றுள்ளனர். செல்கி மனைவியின் கதையிலோ களவு தன் நேர்ப்பொருளிலேயே நிகழ்கிறது. உள்ளம் ஒத்தல் இல்லாத இவ்விடத்துக்கு, எண்வகை மணத்துள் வலிதிற் கொள்ளும் இராக்கதமே அருகில் வரும். கடலும் பிரிவும் இருப்பதால் இதனை நெய்தலின் இரங்கலோடு ஒப்பிட முயல்வாரும் உண்டாகலாம். அவ்வொப்பீடு மேலோட்டமானது. நெய்தலில் இரங்குவது பிரிந்தவனை எதிர்நோக்கும் தலைவி. இங்கே பிரிவே பெண்ணின் மீட்சி.

அன்னக்கன்னிக் கதைகளின் தொன்மையான உறவாக ஆய்வாளர் சுட்டும் ஊர்வசி–புரூரவசு கதையும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் இவர்தம் உரையாடல் உள்ளது. சதபத பிராமணம் விரித்துரைக்கும் வடிவில் ஊர்வசி தானே நிபந்தனை விதித்து உடன் வாழ்கிறாள். நிபந்தனை முறிந்ததும் நீங்குகிறாள். ஒப்பந்தம் முறிவதும் திருட்டு வெளிப்படுவதும் ஒரே கதைவகையின் இரு கிளைகளாயினும், அவற்றின் அறநிலை ஒன்றன்று.

பரோயே, ஐஸ்லாந்து வடிவங்கள்

பரோயே தீவுகளுள் ஒன்றான கால்சோயின் மிக்லாடாலூர் ஊரில் வழங்கும் வடிவத்தில் தோல் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. திறவுகோல் கணவனின் இடுப்பில் தொங்குகிறது. மீன்பிடிக்கச் சென்றபோது அதை மறந்துவிடுகிறான். அவள் மீண்டபின் கதை முடிவதில்லை. ஊரார் கடல்நாய் வேட்டைக்குப் புறப்படும் முன்னிரவு கனவில் தோன்றி, குகைவாயிலில் கிடக்கும் பெரிய ஆண் விலங்கையும் உள்ளேயிருக்கும் இரு குட்டிகளையும் கொல்ல வேண்டா என்று வேண்டுகிறாள். அவை அவள் கணவனும் மக்களும் ஆவர். அவர்கள் கொல்லப்படுகின்றனர், இறைச்சி சமைக்கப்படுகிறது. அவள் கோர உருவில் வந்து சபிக்கிறாள்: கால்சோயைச் சுற்றிக் கைகோத்து நிற்குமளவுக்கு இவ்வூர் ஆடவர் கடலிலும் பாறையிலும் மடியட்டும் என்று. மீனவ ஊரொன்று தன் மெய்யான சாவுகளுக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணம் இது. குற்றத்தைக் கடலின்மேல் ஏற்றாமல் தன் முன்னோன்மேல் ஏற்றிக்கொண்டமை வியப்புக்குரியது.

ஐஸ்லாந்தில் யோன் ஆர்னசன் 1862–64இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள வடிவம் வன்மையற்றது. கடலில் ஏழு மக்கள், கரையில் ஏழு மக்கள் என்று இரண்டுக்கும் இடையே தவிப்பவளாகத் தாய் சித்திரிக்கப்படுகிறாள். பிள்ளைகள் கரையோரம் நடக்கும்போது ஒரு கடல்நாய் உடன் நீந்தி மீன்களையும் அழகிய சிப்பிகளையும் எறியும். தாய் கரைக்குத் திரும்புவதோ இல்லை.

அழைக்கப்பட்டவன்

ஆண் செல்கி கதைகள் முற்றிலும் வேறு தன்மையன. இங்கே தோல் திருடப்படுவதில்லை. பெண் தானே கடற்கரைக்குச் சென்று, நீர் பெருகும் வேளையில் ஏழு துளிக் கண்ணீரைக் கடலில் உகுத்து அழைக்கிறாள். டென்னிசன் உர்சில்லா என்று பெயரிடும் உயர்குடிப் பெண், தன் விருப்பப்படி பணியாளன் ஒருவனை மணந்து, அம்மணத்தில் நிறைவு காணாது செல்கியை அழைத்தவள். அவளுக்குப் பிறந்த குழந்தைகளின் கைகால் விரல்களுக்கிடையே சவ்வு இருந்தது. மருத்துவச்சி அதை வெட்ட வெட்ட, இயல்பாக வளர இயலாமல் அது உள்ளங்கையிலும் அடிக்காலிலும் கொம்புபோல் இறுகியது. மறைந்த காதல் மக்களின் உடலில் எழுதப்பட்டு, கத்தரியால் அழிக்கப்படாமல் நிற்கிறது. இருண்மைக் காதல் என்ற பெயர் பொருந்துமாயின் இக்கதைக்கே பொருந்தும்.

கதைப்பாடல் மரபில் புகழ்பெற்றது 'சூல் ஸ்கெரியின் பெரும் சில்கி'. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் தொகுப்பில் 113ஆம் எண் பெற்ற இப்பாடலைக் கடற்படை அலுவலர் தாமஸ் ஷெட்லாந்தில் ஒரு மூதாட்டியிடம் கேட்டெழுதி 1850களில் வெளியிட்டார். சூல் ஸ்கெரி ஆர்க்னியின் மேற்கே திறந்த கடலில் தனித்துள்ள பாறைத்தீவு. பின்லாந்து இசையறிஞர் ஓட்டோ ஆண்டர்சன் 1938இல் பிளோட்டா தீவில் இதன் பழமெட்டைப் பதிவு செய்யும் வரை அச்சில் சொற்கள் மட்டுமே இருந்தன.

ஏழே செய்யுள்களில் பாடல் முடிகிறது. குழந்தையின் தந்தை யாரென்று அறியாத தாய் தாலாட்டுகிறாள். அவன் தோன்றி, பொன் தந்து, வளர்ப்புக்கூலி இதுவென்று கூறிக் குழந்தையைப் பெற்றுக்கொள்கிறான். பின், நீ ஒரு துப்பாக்கி வீரனை மணப்பாய், அவன் முதல் குண்டிலேயே மகனும் நானும் மடிவோம் என்று முன்னுரைக்கிறான். பாடல் அங்கே நின்றுவிடுகிறது, சாவு காட்டப்படுவதில்லை. தாய்க்கு மறுமொழியும் இல்லை. தாய்மைக்குக் கூலி கொடுத்து முடித்துவிடும் அச்செயல் வாஸ்ட்னஸ் குடியானவனின் திருட்டைவிட எவ்வகையில் மேம்பட்டது என்று கேட்கலாம். பொன் தந்தான் என்பது உண்மை. அவளைக் கேட்டான் என்று பாடல் கூறவில்லை.

தோற்றம் பற்றிய விளக்கங்கள்

டேவிட் மக்ரிட்சி 1890இல், தோற்படகுகளில் வந்த 'பின் மனிதர்' எனப்பட்டோரே இக்கதைகளின் வரலாற்று மூலம் என்று வாதிட்டார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்க்னிக் கடலில் அத்தகையோர் காணப்பட்டதாகப் பதிவுண்டு. விரல் சவ்வும் தோல் தடிப்பும் மரபுவழி நோய்கள் என்று மருத்துவ விளக்கமும் கூறப்பட்டுள்ளது. இவை உர்சில்லா கதையின் ஒரு கூறை விளக்கலாம். கட்டிலின் மேல் ஒளிக்கப்பட்ட தோலை விளக்கா.

விலங்கின் வாழ்வியல் இவற்றைவிடப் பயன் தருகிறது. சாம்பல்நிறக் கடல்நாய் இலையுதிர்காலத்தில் கரையேறி ஒரே குட்டியை ஈனும். ஏறத்தாழ 18 நாள் கொழுப்பு மிகுந்த பாலூட்டியபின் தாய் சட்டென்று குட்டியை விட்டுக் கடலுக்குச் சென்றுவிடும், திரும்பாது. குட்டி தன் வெள்ளை மயிரை உதிர்த்துப் பசியோடு சில வாரம் கரையில் கிடந்து, பின் தானே நீர் புகும். எண்ணெய்க்கும் தோலுக்கும் இவற்றைக் கொன்று வாழ்ந்த தீவினர் ஆண்டுதோறும் இக்காட்சியைக் கண்டவர்கள். கதை இதிலிருந்துதான் பிறந்தது என நிறுவ இயலாது. ஆயினும் மக்களை விட்டு நீங்கும் தாயைக் கதை பழிக்காமல் விடுவதற்கு இவ்வறிவு துணைநின்றிருக்கலாம். பிரித்தானியாவில் இவ்விலங்குக்கு முதல் சட்டப் பாதுகாப்பு 1914இல்தான் வந்தது.

மறுபுனைவுகள்

ஜான் சேல்ஸின் 1994ஆம் ஆண்டுத் திரைப்படமான 'ரோன் இனிஷின் இரகசியம்', 2014ஆம் ஆண்டின் அசைவூட்டப்படமான 'கடலின் பாடல்' ஆகியன செல்கியைக் குடும்பத்தை மீட்கும் அன்னையாகவோ குழந்தையாகவோ மென்மைப்படுத்தின. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மார்கோ லானகனின் 'ரோல்ராக் தீவின் மணமகளிர்' என்னும் புதினம் மாறான திசையில் செல்கிறது. மந்திரக்காரி ஒருத்தி கூலி பெற்றுக்கொண்டு கடல்நாய்களிடமிருந்து பெண்களை வருவித்து ஆடவர்க்குத் தருகிறாள். ஊர்ப் பெண்டிர் தீவை நீங்குகின்றனர். செல்கித் தாயரின் பெண்மக்கள் கரையில் வாழ இயலாமல் கடலுக்கு அனுப்பப்பட, ஆண்மக்களே எஞ்சுகின்றனர். தாயரின் துயரைக் காணப்பொறாமல் பூட்டிய தோல்களை மீட்டுத் தருவோர் அச்சிறுவரே.

காலில் புண்பட்டு வீட்டிலிருந்த வாஸ்ட்னஸ் சிறுமி அறியாமல் செய்ததை இச்சிறுவர்கள் அறிந்தே செய்கின்றனர். தோல் கிடைத்தால் தாய் போய்விடுவாள் என்பது அவர்களுக்குத் தெரியும். மரபுக்கதை ஒரு குழந்தையின் வெகுளித்தனத்திடம் ஒப்படைத்திருந்த முடிவை லானகன் பிள்ளைகளின் மனச்சான்றிடம் ஒப்படைத்திருக்கிறார்.