டூட்டி மாறும்போது நோயாளி யார் பொறுப்பு?

நர்ஸுகள் டூட்டி மாறும் நேரத்தில் வார்டில் மணியடித்துப் பாருங்கள். போகிறவர் விவரம் ஒப்படைத்துக்கொண்டிருப்பார். வருகிறவர் இன்னும் கையில் எடுத்திருக்க மாட்டார். நம்மூர் நர்ஸுகள் ‘ஓவர் கொடுப்பது’ என்று சொல்லும் அந்த நேரத்தில், கட்டிலில் கிடப்பவருக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது.

கலிபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்ட கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவமனைக் குழுமம் 2000-களில் இந்தச் சிக்கலைக் கையிலெடுத்தது. சுற்றறிக்கை அனுப்பி முடித்துக்கொள்ளாமல், ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. முன்பு நர்ஸாக இருந்த ஒருவர், தொழில்நுட்ப நிபுணர், தொழிற்சங்கப் பிரதிநிதி எல்லோரும் குழுவில் இருந்தார்கள். நான்கு மருத்துவமனைகளில், வார்டு நர்ஸுகளோடு சேர்ந்தே வேலை நடந்தது. வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்ப்பது, அதைச் செய்கிறவர்களோடு சேர்ந்து யோசிப்பது, மலிவாக ஒரு மாதிரியைச் செய்து சோதிப்பது, சரிவராததைத் திருத்துவது: ‘டிசைன் திங்கிங்’ என்பதன் சாரம் இவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் எங்கே போனது?

ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதல் 45 நிமிடம் நர்ஸுகளின் மேசையிலேயே கழிந்தது. ஓரிடத்தில் நேரில் பேசினார்கள், இன்னோரிடத்தில் ஒலிப்பதிவு செய்துவிட்டுப் போனார்கள். கைக்குக் கிடைத்த துண்டுக் காகிதத்திலும், சில வேளை உடுத்தியிருந்த சீருடையிலும்கூடக் குறிப்பெடுத்தார்கள். இவ்வளவு பேசியும், நோயாளிக்கு முக்கியமானவை விட்டுப்போயின. முந்தைய ஷிஃப்டில் அவர் எப்படி இருந்தார், துணைக்கு யார் இருக்கிறார்கள், எந்தப் பரிசோதனை முடிந்தது என்பதெல்லாம் புதிதாக வந்தவருக்குத் தெரியவில்லை.

தீர்வு எளிமையானது. பேச்சை மேசையிலிருந்து நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோனார்கள். அவர் காதுபடவே விவரம் கைமாறியதால், தவறிருந்தால் அவரே திருத்த முடிந்தது. குறிப்புகளைக் கடைசி நேரத்தில் அள்ளிச் சேர்க்காமல், ஷிஃப்ட் முழுவதும் பதிந்துகொண்டே வர ஒரு எளிய மென்பொருளும் சேர்ந்தது. முதல் மாதிரி ஒரே வாரத்தில் தயாரானது. நர்ஸ் வேலைக்கு வந்ததற்கும் நோயாளியை முதலில் பார்ப்பதற்கும் இடைப்பட்ட நேரம் பாதிக்கும் கீழே குறைந்ததாக, ஐடியோவின் தலைவராக இருந்த டிம் பிரவுன் 2008-இல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதினார்.

மருந்து எடுத்துக் கொடுக்கும்போது ஆளாளுக்கு நர்ஸைக் கூப்பிடுவதும் பிழைகளுக்கு வழிவிட்டது. அதற்கும் கைசரில் இதே முறையில் விடை தேடினார்கள். அந்த வேலையில் இருக்கும் நர்ஸ் பளிச்சென்ற மஞ்சள் பட்டை அணிந்துகொள்வார். பட்டையைப் பார்த்தால் யாரும் குறுக்கிடக் கூடாது.

பெங்களூரில் வேறு விடை

இதே முறை இந்தியாவில் வேறொன்றைக் கண்டது. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் பெங்களூரு நாராயணா ஹிருதயாலயா இதய மருத்துவமனைக்கு வந்தார்கள். தாழ்வாரத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்த உறவினர்கள் அவர்கள் கண்ணில் பட்டார்கள். வீட்டுக்குப் போனபின் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப்போவது இவர்கள்தானே! புண்ணை எப்படிப் பராமரிப்பது, மருந்தை எப்போது கொடுப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று நர்ஸுகளே அவர்களுக்கு வகுப்பெடுக்கும் திட்டம் பிறந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் நூரா ஹெல்த் அமைப்பு.

ஆக, கைசரிடமிருந்து கடன் வாங்க வேண்டியது விடையை அல்ல, விடை தேடும் வழியை. அடுத்தடுத்துக் கட்டில் போட்ட பொது வார்டில், கைசரைப் பார்த்து நோயாளியின் நோயை உரக்கச் சொன்னால் பக்கத்துக் கட்டிலுக்கும் அது கேட்கும். அங்கே எதைக் கட்டிலருகே பேசுவது, எதைத் தனியே பேசுவது என்பதை அந்த வார்டின் நர்ஸும் நோயாளியும்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் உண்டு. ஆள் பற்றாக்குறையை எந்த வடிவமைப்பும் ஈடுகட்டாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நர்ஸிடம் ‘புதுமையாக யோசியுங்கள்’ என்பது இன்னொரு சுமைதான். யோசிக்கவும் சோதித்துப் பார்க்கவும் ஆகும் நேரத்தையும் நிர்வாகம் டூட்டி நேரமாகவே கணக்கிட வேண்டும்.