காட்டை அளக்கும் ஒளி

மாணவர்களே, நிழலைக் கொண்டு மரத்தின் உயரத்தைக் கணக்கிட்டிருப்பீர்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அளப்பது எப்படி?

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக அறிவியலாளர் ரால்ஃப் டுபாயா தலைமையில் உருவான 'ஜெடி' என்னும் கருவி, 2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. அது காடுகளின்மீது லேசர் ஒளித் துடிப்புகளைச் செலுத்தும். ஒளியின் ஒரு பகுதி மர உச்சியில் பட்டுத் திரும்பும். மற்றொரு பகுதி இலைகளின் இடைவெளியில் புகுந்து, தரையைத் தொட்டு, சற்றுத் தாமதமாகத் திரும்பும்.

அத்தாமதம் 200 நானோ நொடி என்று கொள்வோம். ஒரு நானோ நொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி சுமார் 30 செ.மீ. செல்லும். எனவே 200 நானோ நொடியில் 60 மீட்டர். இது போய்வரும் தூரம் அல்லவா? பாதியான 30 மீட்டரே மரத்தின் உயரம்!

உயரம் மட்டும் போதாது. காட்டுக்குள் சென்று மரங்களை நாடாவால் அளந்தவர்களின் கணக்கோடு ஒப்பிட்டே எடையை மதிப்பிடுகிறார்கள். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். காட்டை எரித்தால் அது கரியமில வாயுவாகிப் புவியைச் சூடாக்கும். அழிந்த காட்டுக்குக் கணக்குக் கேட்க இந்த அளவீடு வேண்டும்.

உங்கள் பள்ளி மரத்தின் சுற்றளவை இன்றே குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அது பருத்திருந்தால், அந்தப் பருமனில் காற்றிலிருந்து பெற்ற கார்பன் இருக்கிறது.