கணினியே, நலமா?

மாணவர்களே, கணினி ஆமை வேகத்தில் நகர்ந்தால் உங்களில் பலருடைய கை நேராக பவர் பட்டனுக்குத்தான் போகும். சேமிக்காத கட்டுரை, பாதி வரைந்த படம் எல்லாம் அதோடு போச்சு! அணைப்பதற்கு முன், "உனக்கு என்ன ஆச்சு?" என்று கணினியிடமே கேட்கலாம், தெரியுமா?

சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளிவந்த 'பாஸ் லினக்ஸ்' இயங்குதளத்தில் இதைச் செய்து பார்க்கலாம். தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோசுடன் இதுவும் இருந்தது. அக்காவோ மாமாவோ பிளஸ் டூவில் வாங்கியது பரணில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

மெனுவில் 'டெர்மினல்' என்பதைத் திறந்தால் வெறும் திரை வரும். அதில் யு, பி, டி, ஐ, எம், இ என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டி, எண்டரை அழுத்துங்கள். இதுதான் 'அப்டைம்' கட்டளை. இப்போது மணி என்ன, கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்றெல்லாம் ஒரே வரியில் பதில் வரும். கடைசியில் மூன்று எண்கள் இருக்கும். விஷயமே அவற்றில்தான் இருக்கிறது.

நம் நாகை மாவட்டத்தில் அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். நான்கு தராசு, எட்டு விவசாயிகள் என்றால் நான்கு பேருக்கு எடை போடுவார்கள், நான்கு பேர் காத்திருப்பார்கள். கணினியின் மூளையில் உள்ள 'கோர்'கள்தான் அந்தத் தராசுகள். செய்யவேண்டிய வேலைகள்தான் விவசாயிகள். நான்கு கோர் உள்ள கணினியில் எண் 4 வரை இருந்தால் கவலையில்லை. 8 என்றால் நெரிசல்!

முதல் எண் கடந்த 1 நிமிடத்தின் சராசரி. அடுத்தவை 5, 15 நிமிடங்களுக்கு உரியவை. 8, 5, 2 என்று வந்தால் கூட்டம் ஏறுகிறது. 2, 5, 8 என்றால் குறைகிறது. கொஞ்சம் பொறுத்தால் போதும், பட்டனைத் தொடாதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தராசு காலியாக இருந்தும், சாக்கு வராததால் விவசாயி நிற்பதுண்டு அல்லவா? ஹார்டு டிஸ்கிலிருந்து தகவல் வராமல் நிற்கும் வேலையையும் லினக்ஸ் இதே கணக்கில் சேர்த்துவிடும்.

எந்த வேலை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க டி, ஓ, பி என்று தட்டுங்கள். பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வர, க்யூ எழுத்தை ஒருமுறை அழுத்துங்கள்.