டிங்கி பரிசோதனை: காய்ச்சல் கண்டு எத்தனை நாள்?

மாணவர்களே, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு டிங்கி புதிய பெயரன்று. 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சிலாங்கூர்வாசிகள். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ காய்ச்சலுடன் கிளினிக்குக்குச் சென்றால், "காய்ச்சல் எப்போது தொடங்கியது?" என்று மருத்துவர் தவறாமல் கேட்பார். ஏன்?

இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

டிங்கி பரிசோதனையில் முக்கியமாக மூன்று பொருள்களைத் தேடுகிறார்கள். முதலாவது என்.எஸ்.1. இது வைரஸே வெளியிடும் புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்து ஏறத்தாழ ஐந்தாம் நாள் வரை இதை எளிதில் கண்டறியலாம்.

மற்ற இரண்டும் வைரஸை எதிர்க்க நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள். ஆங்கில எழுத்தான 'ஒய்' போன்ற வடிவம் கொண்டவை. ஐந்து 'ஒய்' ஒன்றாக இணைந்தது ஐ.ஜி.எம். பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நாளுக்குப் பிறகே இது இரத்தத்தில் தென்படும். இரண்டு, மூன்று மாதங்கள் வரை இருக்கும். தனி 'ஒய்' வடிவமுள்ளது ஐ.ஜி.ஜி. முதன்முறை டிங்கி காண்பவருக்கு இது மெதுவாகவே உயரும்; ஆனால் பல்லாண்டுகள் நிலைத்திருக்கும்.

'இல்லை' என்றால் இல்லையா?

ஒரு மாணவிக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்கியது என வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை எதிர்ப்பொருள் பரிசோதனை மட்டும் செய்தால் 'இல்லை' என்று வரலாம். அவர் உடல் இன்னும் எதிர்ப்பொருளைப் போதிய அளவு தயாரிக்கவில்லை, அவ்வளவுதான். அதே பரிசோதனையைச் சனிக்கிழமை செய்தால் 'உண்டு' என்று வரக்கூடும். ஆகவே முதல் நாள்களில் கிடைக்கும் 'இல்லை' என்ற முடிவை நம்பி அலட்சியமாக இருக்கக்கூடாது.

ஐ.ஜி.ஜி மட்டும் 'உண்டு' என்றால், அது முன்பு எப்போதோ வந்துபோன டிங்கியின் அடையாளமாக இருக்கலாம். சிக்கா போன்ற உறவுமுறை வைரஸ்களும் இப்பரிசோதனையைக் குழப்பக்கூடும். அதனால்தான் மருத்துவர் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் இரத்தம் கெட்டிப்படுவதையும் சேர்த்தே பார்க்கிறார். தேவைப்பட்டால் மறுநாளும் இரத்தம் எடுக்கிறார்.

இரண்டாம் முறை ஏன் ஆபத்து?

டிங்கி வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து குணமானால் அந்த வகைக்கு எதிராக மட்டுமே நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். பின்னர் வேறொரு வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் அதனுடன் ஒட்டிக்கொண்டாலும் அதை அழிக்க முடியாமல் போகலாம். மாறாக, அது நம் செல்களுக்குள் நுழைய அவையே உதவிவிடக்கூடும். கடுமையான டிங்கி இரண்டாம் தொற்றில் அதிகம் ஏற்பட இது ஒரு முக்கியக் காரணம்.

நினைவில் வையுங்கள்

வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், தொடங்கிய நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். முன்பு டிங்கி வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கலாம், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சல் தணியும் நேரமே டிங்கியில் ஆபத்தான கட்டம். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், பரிசோதனை முடிவு எதுவாக இருப்பினும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.